ஊரில் ஒரு டிகிரி முடித்துவிட்டு அமெரிக்காவில் நர்சிங் படிக்கப் போகிறவர்களுக்கு: பணத்துக்கு என்ன வழி?

முதலில் உங்கள் விசா என்ன என்பதைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். எச்-4-இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படிக்கலாம், ஆனால் இரண்டு பேருக்கும் பணம் வரும் வழி ஒன்றல்ல.

எச்-4-இல் படிப்பதற்குத் தடை இல்லை, முழு நேரமாகவே படிக்கலாம், அதற்காக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கக் கல்விக் கடன் கிடையாது. கடன் விஷயத்தில் எச்-1, எல்-2 (கம்பெனி இடமாற்றத்தில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது), எஃப்-1 எல்லோருக்கும் இதே கதைதான். அதைவிடப் பெரிய விஷயம், படித்து முடித்து என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு) பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினாலும் எச்-4-இல் இருப்பவர் ஈஏடி (வேலை செய்யும் அனுமதி அட்டை) இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (வேலை வழி கிரீன் கார்டுக்கான மனு) அப்ரூவ் ஆகியிருந்தால் பொதுவாக எச்-4 ஈஏடி வாங்கலாம். அது இன்னும் ஆகவில்லை என்றால் பெரிய தொகை எதையும் இப்போது கட்டாதீர்கள், பிரீரெக்விசிட் பாடங்களை (சேரும் முன் முடித்திருக்க வேண்டியவை) மட்டும் நிதானமாக முடித்துக்கொண்டு வாருங்கள். எஃப்-1-க்கு மாறினால் படிப்பு முடிந்ததும் ஓபிடி (படிப்புக்குப் பின் தற்காலிக வேலை அனுமதி) கிடைக்குமே என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும். ஆனால் சாதாரண ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) வேலைக்கு எச்-1பி வாங்குவது கடினம், சட்டப்படி அந்த வேலைக்கு பேச்சிலர் டிகிரி கட்டாயம் இல்லை என்பதுதான் காரணம். ஓபிடி முடிந்தால் என்ன செய்வது என்று சேரும் முன்பே யோசித்து வையுங்கள்.

சரி, கிரீன் கார்டு இருக்கிறது, அல்லது சிட்டிசன் ஆகிவிட்டீர்கள். ஃபாஃப்சா, அதாவது அரசாங்கக் கல்வி உதவிக்கான விண்ணப்பம், போடலாம். இங்கேதான் நம் ஆட்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஏற்கெனவே பேச்சிலர் டிகிரி இருப்பவருக்கு பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசாங்க உதவித்தொகை) கிடையாது, அந்த டிகிரி இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும்தான். அமெரிக்காவில் இதுதானே முதல் டிகிரி என்று நினைத்து ஃபாஃப்சாவில் டிகிரி உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் செய்யாதீர்கள், பின்னால் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் மட்டும் பைனான்சியல் எய்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு டிகிரி இங்கத்திய பேச்சிலருக்குச் சமமா என்று முடிவு செய்வது அந்தக் கல்லூரிதான், சமமில்லை என்பதற்கு ஆவணம் இருந்தால் வழி உண்டு.

பெல் இல்லாவிட்டாலும் ஃபாஃப்சா போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அரசாங்கக் கடன் அந்த வழியாகத்தான் வரும். ஏபிஎஸ்என், அதாவது டிகிரி முடித்தவர்களுக்கான வேகமான நர்சிங் படிப்பு, பொதுவாக 11 முதல் 18 மாதம். அதற்கு ஒரு கல்வியாண்டுக்கு 12,500 டாலர்தான் உச்சம், அதில் சப்சிடி உள்ள (படிக்கும்போது வட்டியை அரசாங்கம் ஏற்கும்) கடன் அதிகபட்சம் 5,500. இளநிலைக் கடனுக்கு வாழ்நாள் உச்சவரம்பு 57,500. தனியார் கல்லூரி ஏபிஎஸ்என் கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு 12,500 எந்த மூலைக்கு என்பது தெரியும். மிச்சத்துக்கு பிரைவேட் லோன் என்பார்கள், வட்டியும் விதிகளும் அவரவர் வைத்ததுதான், பிஎஸ்எல்எஃப் (பொதுச்சேவை வேலையில் இருப்பவர்களுக்கான அரசாங்கக் கடன் தள்ளுபடி) அதற்குப் பொருந்தாது. வேறு துறையில் டிகிரி வைத்துக்கொண்டு நேரே மாஸ்டர்ஸ் நர்சிங் சேர நினைப்பவர்கள் கவனிக்கவும்: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் (முதுநிலை மாணவர்களுக்கான கூடுதல் அரசாங்கக் கடன்) கிடையாது. முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இனி என் கருத்து. குடும்பம், குழந்தை, ஒரே சம்பளம் என்று இருப்பவர்கள் ஏபிஎஸ்என் பக்கம் போகும் முன் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் ஏடிஎன் என்ற நர்சிங் அசோசியேட் டிகிரியைப் பாருங்கள். இரண்டு வருடம். எழுதுவது அதே என்கிளெக்ஸ் ஆர்என், கிடைப்பது அதே லைசென்ஸ். பல இடங்களில் அதன் மொத்தக் கட்டணமும் தனியார் ஏபிஎஸ்என்னின் ஒரு செமஸ்டருக்குள் அடங்கிவிடும். (இங்கே அரசாங்கக் கடன் வரம்பு இன்னும் குறைவு, ஆனால் தேவையும் குறைவு.) வேலையில் சேர்ந்தபின் ஆன்லைனில் ஆர்என்-டு-பிஎஸ்என் (லைசென்ஸ் உள்ள நர்ஸ்களுக்கான பேச்சிலர் படிப்பு) முடிக்கலாம், அதற்கு மருத்துவமனையே பணம் கொடுப்பது சகஜம். வேலை தருபவர் கொடுக்கும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வரி கிடையாது. பெரிய மருத்துவமனைகள் பிஎஸ்என் கேட்கும் என்பது உண்மைதான், நியூயார்க்கில் லைசென்ஸ் வாங்கிய பத்து வருடத்துக்குள் பேச்சிலர் முடிக்க வேண்டும் என்று 2017-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். இருந்தாலும் பத்து வருடம் நிறைய நேரம். "பி.இ. படித்துவிட்டு கம்யூனிட்டி காலேஜா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும், அவர்களா ஈஎம்ஐ கட்டப் போகிறார்கள்?

இதில் பணத்தை மிச்சப்படுத்தும் இடம் இரண்டு. ஒன்று இன்-ஸ்டேட் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணம். எச்-4 விசாவுக்கும் பல மாநிலங்களில் இது கிடைக்கும், சில மாநிலங்களில் கிடைக்காது. அட்மிஷன் கவுண்டரில் "இன்டர்நேஷனல்" என்று போட்டுவிட்டார்கள் என்பதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். ரெசிடென்சியைப் பார்க்கும் ஆளிடம் வீட்டு லீஸ், டிரைவிங் லைசென்ஸ், டாக்ஸ் ரிட்டர்ன் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னொன்று உங்கள் பழைய மார்க் ஷீட். டபிள்யூஇஎஸ் போன்ற, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் இடத்தில் கோர்ஸ்-பை-கோர்ஸ் மதிப்பீடு வாங்குங்கள், சாதாரண ரிப்போர்ட் போதாது. இங்கிலீஷ், கணிதம் போன்றவற்றைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் அத்தனை கிரெடிட்டுக்கான பணமும் மிச்சம். அறிவியல் பாடங்களுக்கு மட்டும் பல கல்லூரிகள் ஐந்து வருடம், ஏழு வருடம் என்று காலக்கெடு வைத்திருக்கின்றன. அனாட்டமி பிசியாலஜி இரண்டு பகுதிகள், மைக்ரோபயாலஜி, இவற்றை எப்படியும் புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கும், அதையும் அட்மிஷன் வாங்க வேண்டியதற்கு ரொம்ப முன்னால் படித்து வைத்தால் கெடு தாண்டிப்போகும். வேறு துறையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பாடங்களைப் படிப்பவர்கள் இப்போதைய கம்பெனியிலும் கல்வி உதவி உண்டா என்று எச்ஆரைக் கேளுங்கள். சில கம்பெனிகள் சம்பந்தமில்லாத படிப்புக்கும் கொடுக்கும்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் நர்ஸ் கார்ப்ஸ் என்ற அரசாங்க ஸ்காலர்ஷிப்புக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கட்டணமும் கொடுத்து மாதாமாதம் ஒரு தொகையும் தருவார்கள், பதிலுக்கு நர்ஸ் பற்றாக்குறை உள்ள மருத்துவமனை போன்ற இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும். பாதியில் விட்டால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைக்காமல் கடனோடு முடித்தவர்களுக்கும் அவர்களிடமே கடன் அடைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, இரண்டு வருட வேலைக்குக் கடனில் 60 சதவீதம், மூன்றாம் வருடமும் இருந்தால் இன்னும் 25 சதவீதம். மருத்துவமனைகள் நேரடியாகவும் பணம் கொடுத்து ஒப்பந்தம் போடுவது உண்டு. அதில் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: நடுவில் விலகினால் முழுத் தொகையா, மிச்ச மாதங்களுக்கு மட்டுமா?

வரியில் கிடைப்பது லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட், கட்டணத்தில் முதல் 10,000 டாலரில் 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000-ஐத் தாண்டினால் குறைய ஆரம்பித்து 1,80,000-இல் ஒன்றும் இருக்காது. பெரிதாகத் தெரியும் இன்னொரு கிரெடிட், ஏஓடிசி, கல்லூரியின் முதல் நான்கு ஆண்டுகளுக்கானது, பி.இ. முடித்தவர்கள் அதை மறந்துவிடலாம். குழந்தை பேரில் 529 கணக்கு (கல்விச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) வைத்திருந்தால் அதன் பயனாளியாக அம்மாவையோ அப்பாவையோ மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 401கே ஓய்வுக்காலச் சேமிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பட்டியலில் வராத செலவுகள் வேறு இருக்கின்றன. ஸ்க்ரப்ஸ், ஸ்டெதஸ்கோப், பேக்ரவுண்ட் செக், பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ், கடைசியில் என்கிளெக்ஸுக்கு 200 டாலர். விடிவதற்கு முன் மருத்துவமனைப் பயிற்சியான கிளினிக்கலுக்குப் போக ஒரு கார், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். குழந்தைப் பராமரிப்புச் செலவை உங்கள் காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸில் (கல்லூரி கணக்கிடும் மொத்தப் படிப்புச் செலவு) சேர்க்கச் சொல்லி எய்டு அலுவலகத்தில் கேட்கலாம், கேட்காமல் அவர்களாகச் செய்ய மாட்டார்கள். கல்லூரி போடும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பில்லையும் பாருங்கள், வீட்டில் ஏற்கெனவே கவரேஜ் இருந்தால் அது வேண்டாம் என்று வேவர் போட வேண்டும், தேதி தாண்டினால் அந்தத் தொகை உங்கள் தலையில்.

அப்புறம் கிளினிக்கலுக்கு முன் கேட்கும் டிபி (காசநோய்) டெஸ்ட். நம்மில் பெரும்பாலோருக்குத் தோளில் பிசிஜி தழும்பு இருக்கும். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் ஸ்கின் டெஸ்ட்டில் அந்தத் தடுப்பூசியாலேயே வீங்கி பாசிட்டிவ் என்று வரலாம், உடனே எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று இழுப்பார்கள். முதலிலேயே ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், பிசிஜி அதைப் பாதிக்காது. ஹெபடைட்டிஸ் பி-யையும் சீக்கிரம் பாருங்கள், மூன்று டோஸ் போட வேண்டியிருந்தால் முடிய ஆறு மாதம் ஆகும்.

கடைசியாக, வேகமாகவும் மலிவாகவும் முடித்துத் தருகிறோம் என்று யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னால் நம்பாதீர்கள். ஃப்ளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமா விற்றதை 2023 ஜனவரியில் பிடித்தார்கள். கல்லூரி பெயர் மாநில நர்சிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் (நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகள்) அங்கீகாரம் இருக்கிறதா, அங்கே படித்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் என்கிளெக்ஸை முதல் தடவையிலேயே பாஸ் செய்கிறார்கள் என்று மூன்றையும் பார்த்துவிட்டு டெபாசிட் கட்டுங்கள். எந்த மாநிலம், என்ன விசா, என்ன டிகிரி என்று கீழே எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.