அப்பத்தா 94 வரை நடமாடினார், அப்பாவுக்கு 52-லேயே சர்க்கரை. சாப்பாட்டில் எங்கே பிசகினோம்?

கோபிக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பத்தா போன வருசம் தை மாதம் 94 வயதில் தவறினார். கடைசி இரண்டு வாரத்தைத் தவிர படுக்கையில் கிடந்தவரே இல்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் போனதோடு சரி, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. அதே வீட்டில் அதே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டு வளர்ந்த அப்பாவுக்கு 52 வயதில் சர்க்கரை, 58-ல் ஸ்டென்ட். எனக்கு 36. போன மாதம் கம்பெனி செக்கப்பில் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 6.1 என்று வந்து, "இப்பவே பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பத்தா என்ன சாப்பிட்டார் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் மோர் ஊற்றிய பழைய சோறு, ரெண்டு சின்ன வெங்காயம். மதியம் ராகிக் களியோ சோறோ, கூடவே கொள்ளுப் பருப்பு அல்லது பச்சைப்பயிறு கடைசல், ஏதாவது ஒரு கீரை. பொழுது சாய ஆறரை மணிக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: இரண்டாவது தடவை அம்மா கரண்டியோடு வந்தால், வட்டலுக்கு மேல் இடது கையைக் குறுக்கே மறித்துவிடுவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்பா அப்படி இல்லை, அம்மா போடப் போட "சரி சரி" என்று வாங்கிக்கொள்வார். நானும் அவர் பிள்ளைதானே.

இப்போது ராத்திரியெல்லாம் யூடியூபில், நீண்ட ஆயுளுக்குப் பேர் வாங்கிய ஜப்பான் தீவான ஓகினாவா பற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கடல்பாசி, எண்பது சதவீதம் வயிறு நிறைந்ததும் எழுந்துவிடுவது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கடல்பாசிப் பொடி ஆர்டர் போடும் நிலைக்கு வந்துவிட்டேன், வீட்டம்மாதான் தடுத்து வைத்திருக்கிறார். அரிசியை அடியோடு விட்டுவிடுவதா, சிறுதானியத்துக்கு மாறுவதா, இல்லை அந்த ஜப்பான்காரர்கள் மாதிரிச் சாப்பிடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒன்னா கடற்கரை

முதலில் அந்த ஆர்டரை ரத்து செய்யுங்கள் :)

வேலை விஷயமாக மூன்று வருடம் ஓகினாவாவில், ஒன்னா என்ற கிராமத்தில் இருந்தேன். நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய கூத்து என்னவென்றால், அங்கே பாகற்காய்க்குத்தான் மரியாதை. கோயா என்பார்கள். மெல்லிசாக அரிந்து, உப்புப் பிசறிப் பிழிந்து, டோஃபுவும் முட்டையும் பன்றிக்கறியும் போட்டுப் புரட்டி எடுப்பது அவர்களுடைய அன்றாடச் சமையல். நாஹா ஊர் மாகிஷி சந்தையில் பாகற்காய் நம் ஊரில் தக்காளி குவித்திருப்பதுபோலக் குவிந்து கிடக்கும். பக்கத்துக் கடையிலேயே பன்றிக் காது தொங்கும். அலறலைத் தவிர பன்றியில் எல்லாவற்றையும் தின்போம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே "ஓகினாவா என்றால் சைவம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்தக் காலத்தில் கறி என்பது பண்டிகைக்குத்தான், தினசரி கிடையாது.

கிழங்குக் கதை உண்மை. 1605-ல் சீனாவிலிருந்து வந்த கிழங்கு அது. அடிக்கடி புயல் அடித்து நெல் நிற்காத தீவில் மண்ணுக்குள் விளைகிற கிழங்குதான் ஜனங்களைக் காப்பாற்றியது. 1949 வாக்கில் எடுத்த கணக்கில் அவர்கள் சாப்பிட்ட கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கிழங்கிலிருந்துதான். மொத்தச் சாப்பாடே ஒரு நாளைக்கு 1800 கலோரியை ஒட்டித்தான். விரும்பி அப்படிச் சாப்பிடவில்லை, போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது, வேறு இல்லை. இன்றைக்கு நூறு வயது என்று காட்டப்படுகிற பாட்டிகள் அந்தச் சாப்பாட்டில் வளர்ந்து, வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள்.

யூடியூபில் சொல்லாமல் விடுவது அப்புறம் நடந்தது. 1972 வரை தீவு அமெரிக்காவின் கையில் இருந்தது. டப்பா இறைச்சி வந்தது, பர்கர் கடை 1963-லேயே வந்துவிட்டது, எல்லோரும் காரில் போக ஆரம்பித்தார்கள். 1985-ல் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் ஆயுளில் முதல் இடத்தில் இருந்த ஓகினாவா 2000-ல் 26-வது இடத்துக்குப் போய், "26 அதிர்ச்சி" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 2015-ல் 36. நான் இருந்தபோது என்னோடு வேலை பார்த்த உள்ளூர்ப் பையன்கள் பாதிப் பேர் மதியத்துக்கு டப்பா இறைச்சி வைத்த சோற்று உருண்டைதான் சாப்பிட்டார்கள். ஒரே தீவு, ஒரே ரத்தம், தாத்தாவும் பேரனும். உங்கள் வீட்டுக் கதைதான் அங்கேயும்.

அந்த எண்பது சதவீதத்துக்கு அவர்கள் பெயர் "ஹரா ஹாச்சி பு". உங்கள் அப்பத்தா வட்டலுக்கு மேல் கையை மறித்தாரே, அதேதான். அதற்கு எதற்கு ஜப்பான்?

சந்தேகப்பேர்வழி

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபிக்காரன், உங்கள் அப்பத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் எழுபதைத் தாண்டினார்கள்? என் பாட்டியோடு சேர்த்துப் பிறந்தவர்கள் ஒன்பது பேர், பாட்டி ஒருவர்தான் 90-ஐப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் அதே களியைத்தான் தின்றார்கள். நான்கு பேர் பத்து வயதுக்குள்ளேயே போய்விட்டார்கள். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது, பெரும்பாலும் குழந்தைச் சாவும் தொற்றுநோயும்தான் காரணம். நாம் உயிரோடு இருந்த பாட்டியைப் பார்த்து "அந்தக் காலத்துச் சாப்பாடு" என்கிறோம், போய்ச் சேர்ந்தவர்கள் வந்து மறுத்துப் பேசவா போகிறார்கள்?

ஓகினாவா கணக்கிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 1945 சண்டையில் அங்கே குடும்பப் பதிவேடுகள் பெரும்பாலும் எரிந்துபோய்ப் பிறகுதான் திரும்ப எழுதினார்கள். 2010-ல் ஜப்பான் முழுக்கத் தேடியபோது, பதிவேட்டில் நூறு வயது தாண்டியவர்களாக இருந்த 2,30,000 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் எப்போதோ செத்திருப்பார்கள், பெயரை எடுக்காமல் விட்டிருப்பார்கள். நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரிதான். இந்த மாதிரி நீண்ட ஆயுள் கணக்குகளைக் கிண்டிக் கிளறிய சால் நியூமன் என்ற ஆய்வாளருக்கு 2024-ல் இக் நோபல் கொடுத்தார்கள். சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற பரிசு அது.

அதற்காக எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு நம்பத்தகுந்தது. அங்கே ஆண்கள் அதே மாநிலத்து மற்ற ஆண்களைவிட ஏழு வருடம் அதிகம் வாழ்ந்தார்கள். காய்கறி, பருப்பு வகை, அடிக்கடி ஒரு கைப்பிடி கொட்டைகள். ஆனால் அவர்கள் புகை, மது எதையும் தொடுவதில்லை, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு உணவுப் பொருளைத் தூக்கிப் பிடித்து எவன் விற்க வந்தாலும் ஓடிவிடுங்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

தட்டும் தராசும்

நான் டயட்டீஷியன், மதுரைப் பக்கம் பதினோரு வருடமாக இதே வேலை. மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் கோபிக்காரருக்கு வேண்டியது நாளைக்குத் தட்டில் என்ன போடுவது என்பதுதானே.

உங்கள் அப்பா மட்டும் இல்லை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடியே பத்து லட்சம் பேர் என்றது, அதற்கு முந்தைய நிலையில், அதாவது உங்களைப் போல, இருப்பவர்கள் அதைவிட அதிகம். பரம்பரை இருக்கிறது, தொப்பை இருக்கிறது, உட்கார்ந்தே பார்க்கிற வேலை இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்களிடம் "நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது: சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். "காய்?" என்றால் "பொரியல் இருந்துச்சு மேடம்" என்பார்கள். எவ்வளவு என்று கையில் காட்டச் சொன்னால் மூன்று விரலைக் குவித்துக் காட்டுவார்கள். நமக்குப் பொரியல் என்பது ஊறுகாய்க்கு அண்ணன், அவ்வளவுதான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் கொடுத்த வழிகாட்டியில் 2000 கலோரிக்கான தட்டு இப்படி: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டை, விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முன் உள்ள எடை. தராசில் 400 கிராம் காயை ஒரு தடவை வைத்துப் பாருங்கள், ஆளுக்கு இவ்வளவா என்று மலைத்துப்போவீர்கள். உருளைக்கிழங்கை அதில் சேர்க்காதீர்கள். எண்ணெய்க் கணக்கை இன்னும் சுலபமாகச் சொல்கிறேன்: நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மூன்றரை லிட்டர். மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அரிசியை அடியோடு விட வேண்டாம், விட்டவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வந்து இரண்டு மடங்காகச் சாப்பிடுவதைத்தான் பார்க்கிறேன். பாதியாகக் குறையுங்கள், அந்த இடத்தில் காயும் பருப்பும் வரட்டும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது குறையும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் குறையும். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். ராகி நல்லதுதான், நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் நைசாக அரைத்த மாவில் கூழ் காய்ச்சி ரெண்டு சொம்பு குடித்தால் சோறு தின்ற மாதிரியேதான் சர்க்கரை ஏறும். உங்கள் அப்பத்தா களி தின்றுவிட்டுக் காட்டுக்குப் போயிருப்பார், நீங்கள் நாற்காலிக்குப் போகிறீர்கள்.

உப்பையும் பாருங்கள், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, 5 கிராம். ஜப்பான் பேச்சு வந்ததால் சொல்கிறேன், ஓகினாவாவைவிட எனக்குப் பிடித்தது நாகானோ. மலைப்பிரதேசம், குளிர்காலம் முழுக்க ஊறுகாயும், உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பும்தான், பக்கவாதம் அதிகம். ஊர்ப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய்ச் சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்து, குறைக்கச் சொல்லி, காயை அதிகம் போடச் சொல்லித் திருத்தினார்கள். 1990-ல் ஆண்களின் ஆயுளில் நாகானோ முதல் இடம். அதற்குக் கடல்பாசிப் பொடி தேவைப்படவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். அப்பா சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், சோற்றைத் திடீரென்று குறைப்பதையும் சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதையும் அவருடைய டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். சில மாத்திரைகளில் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும்.

கோபிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகப்பேர்வழி கேட்ட கேள்வி தூங்க விடவில்லை. அத்தையிடம் கேட்டேன். அப்பத்தாவோடு பிறந்தவர்கள் ஏழு பேராம், எழுபதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர்தான். ஒரு தம்பி பாம்பு கடித்து, ஒருவர் காலராவில், மற்றவர்கள் எதில் போனார்கள் என்று அத்தைக்கே தெரியவில்லை. சரி, வாயை மூடிக்கொண்டேன்.

மளிகைச் சீட்டு: எண்ணெய் மாதம் ஆறு லிட்டர், நாலு பேர். இப்போது நாலு லிட்டருக்கு வந்திருக்கிறது, அதற்குள்ளேயே வீட்டில் பெரிய பஞ்சாயத்து. ராத்திரிச் சாப்பாடு பத்து மணியிலிருந்து எட்டுக்கு வந்தது. ஆறரை எல்லாம் என்னால் ஆகாது, ஆபீசை விட்டுக் கிளம்பவே ஏழு ஆகிறது. மூன்று மாத சராசரி 5.9, எடை மூன்று கிலோ குறைந்தது. நடுவில் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் எல்லாம் காற்றில் பறந்தது, அதை மறைக்கவில்லை.

அப்பாதான் சிக்கல். டாக்டரிடம் கேட்டு, மாத்திரை அளவைச் சரி பார்த்து, பிறகுதான் சோற்றைக் குறைத்தோம். முதல் நாள் அம்மா இரண்டாவது கரண்டியோடு வந்தபோது அவர் அப்பத்தா மாதிரியே தட்டுக்கு மேல் கையை வைத்தார். அம்மா கரண்டியைக் குண்டாவில் போட்டுவிட்டு, "ஏன், இன்னிக்கு நல்லா இல்லையா?" என்று கேட்டு அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. நாற்பது வருடமாக அந்தம்மாவுக்குப் பாசம் என்றாலே ரெண்டாவது கரண்டிதான். அதை என்ன செய்வது என்று எந்த டயட்டீஷியனும் சொல்லித்தரவில்லை மேடம் :)

இன்னொன்று, கொள்ளுப் பருப்பு எங்கள் வீட்டில் அப்பத்தாவோடு நின்றுவிட்டது. யாருக்காவது செய்முறை தெரியுமா? குக்கரில் வைத்தால் வெறும் சேறு மாதிரி வருகிறது.

மேட்டுப்பாளையத்து மருமகள்

உங்கள் அம்மாவிடம் கரண்டியைப் பிடுங்காதீர்கள், அதில் கீரையைக் கொடுங்கள். என் மாமியாரிடம் அப்படித்தான் பலித்தது. ரெண்டாவது தடவை காய்தான் வரும், சோறு வராது. போட்ட திருப்தி அவருக்கு.

கொள்ளை ராத்திரியே ஊறப்போடுங்கள், கல் இருக்கும், அரித்துப் போடுங்கள். ஆறேழு விசில் விட்டு, வெந்த தண்ணீரை முழுக்க வடித்து ரசத்துக்கு எடுத்து வையுங்கள். தண்ணீரோடு அரைப்பதால்தான் உங்களுக்குச் சேறு மாதிரி வருகிறது. சீரகம், வரமல்லி, வரமிளகாய், நாலு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, கறிவேப்பிலை, எல்லாம் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி ஆறவிட்டு, கொள்ளோடு சேர்த்து மிக்சியில் ரெண்டே சுற்று. நைசாகப் போகக் கூடாது, கொரகொரப்பாக நிற்க வேண்டும். ஆட்டுக்கல் இருந்தால் அதுதான் சரி. உப்பைக் கடைசியில் போடுங்கள், கம்மியாக.