ஞானஸ்நானம் எடுத்தால் எஸ்.சி. சான்று என்ன ஆகும்?

உபதேசியார்_தென்மாவட்டம்:
எங்கள் சபைப் பெண், வயது 18. அப்பா இந்து ஆதிதிராவிடர், அம்மா சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவர். கையில் எஸ்.சி. சான்று இருக்கிறது. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறாள், ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை. "வேலை கிடைக்கட்டும், அப்புறம் எடுத்துக்கோ" என்று சபையிலேயே சொல்கிறார்கள். எடுத்தால் எதெல்லாம் போகும்? தள்ளிப்போடுவது சரியா?

தாலுகா_வாசல்:
1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்திதான் எல்லாவற்றுக்கும் வேர். இந்துக்கள் மட்டுமே எஸ்.சி. என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். சேர்க்கச் சொல்லித் தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டும் ஆணை மாறவில்லை.

மாநில இட ஒதுக்கீட்டில் அவள் எஸ்.சி.யின் 18 சதவீதத்திலிருந்து பி.சி.யின் 26.5 சதவீதத்துக்குப் போவாள். மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி., அங்கே கிரீமிலேயர் உண்டு, அதாவது வசதியான குடும்பத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை மதம் மாறியவர்களுக்கும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது. பெரிய இழப்பு, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு. அடிக்கிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. சட்டம் மட்டும் அதைப் பார்க்கிறது.

பழைய சான்றையே காட்டி வேலையில் சேர வேண்டாம். சாதிச் சான்றைச் சரிபார்க்கும் மாவட்ட விழிக்கண் குழு விசாரித்து ரத்து செய்தால் வேலையும் சேர்ந்து போகும்.

சான்றுரை:
ஒன்று கவனியுங்கள். அம்மா சி.எஸ்.ஐ. என்றால் குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். திடப்படுத்தல் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) ஆகாததைத்தான் பலர் "இன்னும் எடுக்கல" என்பார்கள். முதலில் அம்மா வீட்டுச் சபையின் பதிவேட்டைப் பாருங்கள்.

2024 நவம்பர் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இதுதான் திருப்பம். புதுச்சேரிப் பெண், அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றது ஆலயப் பதிவேட்டில் இருந்தது, அவர் தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்வந்ததும் விசாரணையில் தெரிந்தது. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று சான்றை மறுத்தார்கள்.

2021இல் சென்னை உயர் நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவர், கணவர் கிறிஸ்தவர். கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதை ஆதாரமாக்கி அதிகாரிகள் அவருடைய எஸ்.சி. சான்றை ரத்து செய்தார்கள். சர்ச்சுக்குப் போவதாலேயே ஒருவர் தன் மதத்தை விட்டதாகாது என்று நீதிமன்றம் ரத்தை நீக்கியது. ஆக, வெறும் வருகை வேறு, ஞானஸ்நானமும் விசுவாச வாழ்க்கையும் வேறு.

போதகர்_மேசை:
"வேலைக்கு அப்புறம்" என்ற யோசனை ஆபத்து. மனதில் விசுவாசம் முடிவாகிவிட்டபின் எஸ்.சி. என்று விண்ணப்பித்தால், அந்த 2024 தீர்ப்பு சொன்ன இடத்தில்தான் அவள் நிற்பாள். இன்னும் சந்தேகத்தில் இருக்கிறாள் என்றால் அது உண்மையான சந்தேகம், அவசரப்படுத்தாதீர்கள். எந்தப் பக்கமும் தள்ளுவது சபையின் வேலையில்லை. இழப்பு என்னவென்று தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பிறகு இந்துவாகத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால், 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கேட்பது மூன்று: மூதாதையர் பட்டியல் சாதி என்ற ஆதாரம், மெய்யான மறுமதமாற்றம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. மூன்றாவதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

பதிவேட்டில் ஒரு எழுத்துகூடத் திருத்த வேண்டாம். கேரளாவின் தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தல் வழக்கில் சபைப் பதிவேடுகள் நீதிமன்ற மேசைவரை போயின.

உபதேசியார்_தென்மாவட்டம்:
திடப்படுத்தல் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் சபையில் அவள் பிறந்த வருடத்துப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறோம்.