மகனுக்கும் கொன்னை தட்டுது, இவர் பிள்ளையோட கதைக்கிறதையே விட்டிட்டார்

உவர்மலை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். ஆரிட்ட கேக்கிறதெண்டு தெரியாமத்தான் இங்க எழுதுறன், நீளமாப் போனா குறை நினைக்காதீங்க.

என்ட அவருக்கு சின்னனில இருந்தே கொன்னை, திக்குவாய் எண்டும் சொல்லுவாங்க. வேலைக்குப் போறார், எல்லாம் செய்வார், ஆனா போன் அடிச்சா என்ட கையில தந்திடுவார், கடையில சொல் வராட்டி சாமானுக்கு நேர கையக் காட்டுவார். கலியாணம் முடிச்ச புதுசில தம்பலகாமத்தில இருக்கிற பெரியம்மா வீட்ட போக பஸ் ஏறினம், கண்டக்டர் எங்க எண்டு கேக்க இவருக்கு "த" வரேல்ல, வாய் அப்பிடியே நிக்குது, கழுத்து நரம்பு புடைக்குது, பின்னால நிண்ட பெடியள் சிரிக்கிறாங்கள், கடைசியா "கந்தளாய் ரெண்டு" எண்டு காசக் குடுத்திட்டு தம்பலகாமச் சந்தியில இறங்கினவர். பிறகுதான் விளங்கினது, மனுசன் ஸ்கூல் காலத்தில இருந்தே அந்த றூட்டில கந்தளாய்க்குத்தான் டிக்கெட் எடுக்கிறவராம்.

அதோட நான் பழகிட்டன். இப்ப மகனுக்கு மூண்டரை வயசு, நல்லா வாய் காட்டுறவன், கொஞ்ச மாசமா "அ அ அ அப்பா", "ந ந நானும் வாறன்" எண்டு தட்டுது. மாமி ஒருநாள் சாப்பிடேக்க "தேப்பனப் பாத்துப் பழகிட்டான்" எண்டு சொல்லிப்போட்டா. அவ மனசில ஒண்டும் வச்சுச் சொல்லேல்ல, ஆனா அண்டையில இருந்து இவர் பிள்ளையோட கதைக்கிறதில்ல. தூக்குவார், குளிக்க வாப்பார், பின்னேரம் கடற்கரைக்கும் கூட்டிக்கொண்டு போவார், வாய் மட்டும் திறக்க மாட்டார். "அப்பா என்னோட கோவமா" எண்டு பிள்ளை என்னட்டக் கேக்குது.

பாத்துப் பழகி இது வருமா? பிள்ளைய இப்பவே காட்டோணுமா, பொறுத்துப் பாக்கிறதா? இவருக்கு 34 வயசு, இனி வைத்தியம் ஏதும் இருக்கா?

நிலாவெளிக்காரன்:

அக்கா, வசம்பு சுட்டு தேன்ல குழைச்சு நாக்கில தடவுங்க, எங்கட அம்மம்மா எல்லாப் பிள்ளையளுக்கும் செய்தவ. நாக்குத் தடிப்புத்தான் இது. வாயில கூழாங்கல் வச்சு வாசிக்கச் சொல்லியும் சொல்லுவாங்க.

கிண்ணியா நானா:

தம்பி, கூழாங்கல் எனக்கும் வச்சாங்க. கல்லோடயும் கொன்னினன், கல்லத் துப்பினாப் பிறகும் கொன்னினன். மூண்டரை வயசுப் பிள்ளைட வாய்க்குள்ள கல்ல வச்சு அது முழுங்கினா என்ன செய்ற?

தங்கச்சி, உங்கட மாப்பிள்ளைட கந்தளாய் டிக்கெட் கதைய வாசிக்க எனக்கு சிரிப்பும் வந்த, நெஞ்சும் அடைச்ச. இந்த வேல நமக்கு எல்லாருக்கும் தெரியும். நான் கனகாலம் கடையில பாண் கேக்க ஏலாம விசுக்கோத்து வாங்கிட்டு வந்தவன். சனம் காணுறது வாய் தட்டுறதத்தான், அத ஒளிக்க நாள் முழுக்க மண்டைக்குள்ள சொல் மாத்தி மாத்தி அடுக்குற பாடு ஆருக்கும் தெரியாது.

எங்கட வாப்பாக்கும் கொன்னை இரிந்த. மீன் ஏலம் கூறுற மனுசன் அவர், ஏலத்தில ஒரு எழுத்துத் தட்டாது, ராகம் மாதிரி போகும், வீட்டுக்கு வந்து உம்மாட்ட தண்ணி கேக்கக்குள்ளதான் தட்டும். ஆனா அவர் வாய மூடல்ல. கொன்னிக் கொன்னியே கதை சொல்லுவார், சண்டையும் பிடிப்பார். ஸ்கூல்ல என்ன நக்கலடிச்ச நேரம் எனக்கு கவல இரிந்த, வெக்கம் பெரிசா இரிக்கல்ல, வாப்பாவும் இப்பிடித்தானே எண்டு. இத உங்கட மாப்பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுங்க.

வைத்தியம் எண்டா, நான் வளந்த பிறகுதான் தெரபிக்குப் போன. அடைச்சா தள்ளித் திணிக்காம நிப்பாட்டி, இறுக்கத்த விட்டு, அந்த எழுத்த இலேசா இழுத்து வெளிய வரப் பழக்கினாங்க. முழுசா மாறல்ல. இப்ப ஆரோடயும் கதைக்க முதலே "எனக்கு கொன்னை இரிக்கி, கொஞ்சம் பொறுங்க" எண்டு சொல்லிருவன், அதோட பாதி இறுக்கம் போயிரும்.

பேச்சு மிஸ்:

நான் மட்டக்களப்புப் பக்கம் ஸ்பீச் தெரபி செய்யிறன். அக்கா, முதல்ல இத உங்கட மாமிக்குச் சொல்லுங்க: பாத்துப் பழகி கொன்னை வராது. குடும்பத்தில ஓடுறது உண்மை, ஆனா அது பரம்பரையால. 2010ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாகிஸ்தான் குடும்பம் ஒண்டில இதோட சம்பந்தப்பட்ட மரபணு மாற்றத்தையே கண்டுபிடிச்சவை. அப்பா கதைக்காம விட்டா அந்த மரபணு போகாது, பிள்ளை பயப்பிடும், அவ்வளவுதான். நாக்கிலயும் ஒரு குறையுமில்ல, மூளை பேச்ச ஒழுங்குபடுத்துற விதத்தில உள்ள வித்தியாசம் இது, வசம்பு அங்க போய்ச் சேராது.

ரெண்டுக்கும் அஞ்சுக்கும் இடைப்பட்ட வயசிலதான் கூடுதலாத் தொடங்கும். நூறு பிள்ளையள்ல அஞ்சு பேருக்கு வரும், அதில முக்கால்வாசிக்கு மேல தானாவே விட்டுப் போகும், பெரிய ஆக்கள்ல நூற்றில ஒராள்தான் மிஞ்சுறது.

வீட்டில, "ஆறுதலாச் சொல்லு", "மூச்ச எடு", "திருப்பிச் சொல்லு" எண்டு சொல்லாதீங்க, ஆரும் நல்லெண்ணத்தில சொல்லுறதுதான், பிள்ளைக்கு அது நீ பிழையாக் கதைக்கிறாய் எண்டுதான் கேக்கும். சொல்ல நீங்க முடிச்சுக் குடுக்கவும் வேணாம். நீங்க ஆறுதலாக் கதைங்க, அவன் முடிக்கும் வரைக்கும் முகத்தப் பாத்துக்கொண்டு இருங்க.

அப்பாவுக்கு ஒரு வேலை. படப் புத்தகம் ஒண்ட பிள்ளையோடயும் உங்களோடயும் சேந்து ஒரே குரல்ல வாசிக்கச் சொல்லுங்க. சேந்து வாசிக்கேக்க, பாடேக்க, கொன்னை உள்ள ஆக்கள் அநேகமாத் தட்டமாட்டினம், கிண்ணியா நானாட வாப்பா ஏலம் கூறினதும் அந்த வகைதான். அதுவே வைத்தியம் இல்ல, ஆனா அவர் திரும்பக் கதைக்கத் தொடங்க ஒரு வழி.

நிலாவெளிக்காரன்:

சரி மிஸ், வசம்ப விடுவம். ஆனா முக்கால்வாசிப் பிள்ளையளுக்கு தானா விடும் எண்டா ஏன் இப்பவே ஆஸ்பத்திரிக்கு அலையோணும்?

பேச்சு மிஸ்:

நல்ல கேள்வி. எந்தப் பிள்ளைக்கு விடும் எண்டு முகத்தப் பாத்துச் சொல்ல ஏலாது. இவன் ஆம்பிளைப் பிள்ளை, அப்பாவுக்கு பெரிய ஆளாகியும் இருக்கு, தொடங்கி மாசக்கணக்கு, இந்த மூண்டும் சேந்தா காத்திருக்காமக் காட்டுறதுதான் நல்லம். ஆறு வயசுக்குள்ள எண்டா லிட்கம் எண்டு அவுஸ்திரேலியாவில உண்டாக்கின முறை இருக்கு, தெரபிஸ்ட் பழக்கித் தர தாய் தேப்பனே வீட்டில செய்யிறது. யூடியூப்பப் பாத்து நீங்களாத் தொடங்கிடாதீங்க.

பெரியவருக்கும் வயசு பிந்தேல்ல. குளிசை கேக்காதீங்க, இதுக்கெண்டு அங்கீகரிச்ச மருந்து ஒண்டும் இல்ல, பயிற்சிதான். பெரியாஸ்பத்திரி ஓபிடில, வெளிநோயாளர் பகுதியில, காட்டி பேச்சு சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில காசு குடுக்கத் தேவையில்ல. தமிழ்ல செய்யிற ஆக்கள் நாட்டிலேயே குறைவு, அதால தவணை பிந்தலாம், சலிச்சு விட்டிடாதீங்க.

உவர்மலை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நான் வாசிச்சுக் காட்டேல்ல, போன அவர்ட கையிலயே குடுத்திட்டன். ஒண்டும் சொல்லேல்ல, மீன் ஏலத்தில மட்டும் சிரிச்சவர். பிறகு கந்தளாய்க் கதைய ஏன் போட்டனீ எண்டு பேச்சு விழுந்தது, அதுவும் கொன்னிக் கொன்னி, பிள்ளைக்கு முன்னால! திங்கக்கிழமை லீவு போடுறாராம். மிஸ், ஓபிடி துண்டு பிள்ளைக்கு மட்டும் எடுக்கிறதா, ரெண்டு பேருக்குமா?

பேச்சு மிஸ்:

ரெண்டு பேருக்கும் தனித்தனியா எடுங்க. பிள்ளைட க்ளினிக் கார்ட்டக் கொண்டு போங்க. அதோட அவன் வீட்டில விளையாடிக்கொண்டு கதைக்கிறத அவனுக்குத் தெரியாம போன்ல வீடியோ எடுத்து வையுங்க, டொக்டருக்கு முன்னால இருத்தினா சில பிள்ளையள் அண்டைக்கெண்டு ஒரு சொல்லும் தட்டாமக் கதைச்சிடுங்கள்.