புதுப்பிப்பு: நெடுமுடி வேணு வர்றாரா? வர்றார்!

'இந்தியன் 2'ல சிபிஐ அதிகாரி கிருஷ்ணசாமியா நடிகர் நெடுமுடி வேணு ஒரு காட்சியிலாவது வருவாரா, 2021 அக்டோபர்லயே மறைஞ்சுட்டாரேன்னு கேட்டிருந்தேன். நேத்து சிங்கப்பூர் ஈசூன்ல படம் பார்த்தாச்சு. வர்றார்! படம் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கலாம்.

அவர் நடிக்காம விட்டுப்போன பகுதிகளுக்கு வேறொருத்தரை நிக்க வச்சு, கணினி வரைகலையில முகத்தைப் பொருத்தியிருக்காங்க. எனக்கு அது முழுசா ஒட்டலை. ஆனா அந்த முகம் திரையில வந்ததும் முன் வரிசையில ஒரு அண்ணன், "டேய், நம்ம சிபிஐ ஆபீசர்டா!"ன்னு மகன் தோளைத் தட்டினார் பாருங்க, எனக்குக் கண் கலங்கிடுச்சு.

1996ல வந்த முதல் 'இந்தியன்'ல, கொலையாளியோட கடிதத்துல இருந்த பழைய தமிழ் எழுத்துமுறையை வச்சே அந்த ஆள் வயசானவர்னு கண்டுபிடிப்பாரே, சத்தம் போடாம, சண்டை போடாம! அந்த நிதானத்துக்காகத்தான் இவ்வளவு தவிப்பு. இப்போ கிருஷ்ணசாமியோட மகனா, அதே சிபிஐ வேலையில பாபி சிம்ஹா.

விவேக் வர்றாரான்னு கேட்ட தம்பிக்கு: அவரும் இருக்கார், சும்மா தலைகாட்டிட்டுப் போகலை. டெல்லி கணேஷும் வர்றார், சின்ன வேஷம்தான். கவனமா பாருங்க.