கழுதை ஆட்டத்துல பெரிய சீட்ட எப்ப இறக்கணும்?

தேனிமருமக:
எங்க வீட்டுக்காரர் ஊர்ல ராத்திரி சாப்பாடு முடிஞ்சா வாசல்ல பாய விரிச்சு கழுதை ஆட உக்காந்துருவாங்க. மாமனார் அதிகம் பேசமாட்டாரு, ஆனா கையில சீட்டு வந்துட்டா சின்ன வயசு கதையெல்லாம் தானா வரும், அதுக்காகவே நான் நல்லா ஆடக் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு. ரூல் தெரியும். ஸ்பேட் ஏஸ் வெச்சிருக்கவங்க ஆரம்பிக்கணும், எல்லாரும் அதே வகை போட்டா அந்தச் சீட்டெல்லாம் ஓரமா போயிரும், பெருசு போட்டவங்க அடுத்து இறக்கணும், இல்லாதவங்க வேற சீட்ட போட்டு வெட்டினா அதுவரைக்கும் பெருசு போட்டவங்க அத்தனையும் அள்ளணும், கடைசில சீட்டோட நிக்கிறவங்க கழுதை. போன தடவை அஞ்சு பேர் ஆடினோம், ரெண்டு சுத்து ஸ்பேட் போயிருச்சு, மூணாவது சுத்துல நான் ஸ்பேட் ராஜாவ இறக்கினேன், நாத்தனார் ஏழு போட்டாங்க, இவரு ஆர்ட்டின் ஏஸ்ல வெட்டிட்டாரு. மூணையும் அள்ளினேன். சரி ஏஸ் வந்துருச்சேன்னு அதையே இறக்கினா திரும்பவும் அவரே வெட்டுறாரு!! எங்க தப்பு பண்றேன்?

வைகைக்கரை:
தங்கச்சி, ராஜாவ மூணாவது சுத்து வரைக்கும் வெச்சிருந்ததுதான் தப்பு. இது ரம்மி மாதிரி சேக்குற ஆட்டம் இல்ல, கைய காலி பண்ற ஆட்டம், இங்க பெரிய சீட்டுதான் பாரம். ஒரு வகைக்கு 13 சீட்டு. அஞ்சு பேர் ரெண்டு சுத்து போட்டா 10 போச்சு, மிச்சம் மூணே மூணுதான், அப்ப மூணாவது சுத்துல யாராவது ஒருத்தர் கண்டிப்பா வெட்டியே தீருவாங்க. நாலு பேர்னா மூணு சுத்து தாங்கலாம், ஆறு பேர்னா ரெண்டாவதுலயே வெட்டு விழ நிறைய வாய்ப்பிருக்கு. முதல் சுத்துல ஸ்பேட் ஏஸ் இறங்குதில்ல, அதுக்கு அடியில உங்க ராஜாவ போட்டுருக்கணும், மேல ஏஸ் இருக்கும்போது உங்களுக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. ரெண்டு, மூணு, நாலு இதெல்லாம் கடைசிக்கு வெச்சுக்கோங்க. அப்புறம், ஏஸ் கைக்கு வந்தா அந்த வகை இன்னும் புதுசா இருக்கும்போதே இறக்கிருங்க.

கிளாவர்ராணி:
அண்ணா சொன்னதுல கடைசி மட்டும் இவங்க கேஸுக்கு ஒத்துவராது. ஆர்ட்டின் புதுசுதான், ஆனா வெட்டினவரு ஏஸ் ஒண்ணே ஒண்ணுதான் வெச்சிருந்திருக்காரு, அதனாலதான் அத தள்ளிவிட்டாரு. அதுக்கப்புறம் அவர்கிட்ட ஸ்பேடும் இல்ல ஆர்ட்டினும் இல்ல. ஒருத்தர் எத போட்டு வெட்டுறாங்கன்னு பாருங்க, பாதி நேரம் அந்த வகையும் அவங்ககிட்ட தீந்துபோயிருக்கும். அந்த இடத்துல நான்னா டைமன் மூணு மாதிரி சின்னதா ஒண்ண இறக்கி ஆட்டத்த வேற ஆள் கைக்கு தள்ளியிருப்பேன், ஏஸ நான் அடுத்து வெட்டும்போது யார் தலையிலயாவது கட்டிரலாம்.

தேனிமருமக:
ஐயோ ஆமா, வெட்டின சீட்ட நான் கவனிச்சதே இல்ல, வந்தத அள்ளிட்டு அடுத்தது இறக்கிருவேன்! ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இன்னொரு சந்தேகம், முதல் சுத்துலயே ஸ்பேட் இல்லன்னா வெட்டலாமா? எங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வைகைக்கரை:
எங்க பக்கம் முதல் சுத்துல வெட்டு கிடையாது, ஸ்பேட் இல்லாதவங்க எத வேணா போடலாம், எல்லாமே ஓரமா போயிரும். அதனால அப்ப ஸ்பேட் இல்லன்னா கையில இருக்கிற வேற ஏஸ தாராளமா கழிச்சுவிட்ருங்க. கேரளாவுலயும் இதே கழுதைதான், பஞ்சாப்ல பாபின்னு சொல்வாங்க, வீட்டுக்கு வீடு சின்னச் சின்னதா மாறும், அதனால சீட்டு போடுறதுக்கு முன்னாடியே மாமனார்கிட்ட கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, அள்ளினவங்க கையில என்ன போச்சுன்னு மட்டும் மறக்காதீங்க. மாமனார் டைமன் ராணிய அள்ளியிருந்தா நீங்க தைரியமா டைமன் நாலு இறக்கலாம், நடுவுல யார் வெட்டினாலும் உங்க நாலுக்கு மேல ஒண்ணு விழுந்திருந்தா போதும், அள்ளுறது நீங்க இல்ல. அவர் உங்களுக்கு அடுத்தாப்ல உக்காந்திருந்தா இன்னும் நல்லது.