பசை ரத்தத்தில் பட்டால்: ஹீமாலிசிஸ் டெஸ்ட் போதுமா?

லேப்வாசி:
ஆபரேஷனில் போடும் பசை ரத்தத்தில் பட்டாலே விஷம் என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். வீண் பயம். இறுகிய பசைத் துண்டை ரத்தத்தோடு 37 டிகிரியில் வைத்து, சிவப்பணு எத்தனை சதவீதம் உடைகிறது என்று பார்க்கிறோம். இதுதான் ஹீமாலிசிஸ் டெஸ்ட். 2-க்குக் கீழே இருந்தால் பாஸ், 5-ஐத் தாண்டினால் ஃபெயில். வேறென்ன வேண்டும்?

பம்ப்மேடை:
சார், நீங்கள் சோதிப்பது இறுகிய பசையை. தியேட்டரில் நாங்கள் பிதுக்குவது இறுகாததை. பயோகுளூ என்ற அறுவைப் பசையில் மாட்டு ஆல்புமின் புரதமும் அதை இறுக்கும் குளூட்டரால்டிஹைடும் இரட்டை சிரிஞ்சிலிருந்து வந்து முனையில்தான் கலக்கும். மகாதமனியில் தையல் போட்ட இடத்தில் பூசும்போது ஊசித்துளை வழியே ஒரு சொட்டு உள்ளே போனால், சிவப்பணுவா கவலை? அது உள்ளேயே கெட்டியாகி மூளைக்கோ காலுக்கோ போய் அடைக்கும். அதனால்தான் பூசும் முன் இதயத்திலிருந்து உறிஞ்சும் வென்ட்டை நிறுத்தச் சொல்வார்கள். நடுவில் யாராவது ரத்தம் உறிஞ்சும் குழாயை அங்கே நீட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பசை நேராக நான் ஓட்டும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் பம்ப்புக்குத்தான் வரும்.

லேப்வாசி:
அது கைத்தவறு. பொருளின் மேல் ஏன் பழி?

செந்துளி:
அப்படியானால் கைத்தவறே இல்லாத கதை ஒன்று. ரத்தக்கசிவை நிறுத்த முன்பு மாட்டு த்ராம்பின் (ரத்தத்தை உறைய வைக்கும் நொதி) போடுவார்கள், சில ஃபைப்ரின் பசைகளிலும் அதுதான். சிலருக்கு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகி, ரத்தம் உறைய உதவும் அவர்களுடைய சொந்தப் புரதமான ஃபேக்டர் ஃபைவையும் தாக்கியது. ரத்தத்தை நிறுத்தப் போட்டதே பின்னால் ரத்தம் நிற்காமல் செய்துவிட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்துச் சீட்டில் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புப் பெட்டி எச்சரிக்கையே போட வைத்தது. உங்கள் டெஸ்ட் ட்யூபில் அது தெரியுமா?

லேப்வாசி:
தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ரத்தத்தில் படும் மருத்துவப் பொருள்களைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 10993-4 உறைதல், தட்டணு, காம்ப்ளிமென்ட் (ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்கள்) எல்லாம் பேசுகிறது. நான்தான் சிவப்பணுவோடு நின்றுவிட்டேன். (அதிலும் இந்த ஆன்டிபாடி சிக்காது.) ஆனால் பம்ப்மேடை சாருக்கு ஒரு கேள்வி. மூளையில் தமனியும் சிரையும் சிக்கலாகப் பின்னிக்கொள்ளும் ஏவிஎம் கோளாறில், என்பிசிஏ என்ற சயனோஅக்ரிலேட் பசையை ரத்தக்குழாய்க்குள்ளேயே விடுகிறார்களே? 2000-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பம்ப்மேடை:
அங்கே அடைப்பதுதான் வேலையே! ரத்தம் பட்டதும் இறுகும் என்பதால் லிப்பியோடால் என்ற அயோடின் எண்ணெய் கலந்து வேகத்தைக் குறைக்கிறார்கள். மெதுவாக இறுகினால் நுரையீரல் வரை ஓடிவிடும். சட்டென்று இறுகினால் பசையைச் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரே உள்ளே ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பேர் ரத்தத்தோடு ஒத்துப்போவதா?

லேப்வாசி:
இல்லை. திங்கட்கிழமை இறுகாத பசையையும் ரத்தத்தில் விட்டுப் பார்க்கிறேன். ட்யூபைக் கழுவ முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.