சமூகப்பணியாளர் வீட்டுக்கு வந்தா மானம் போயிடுமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே தொடங்கி வைக்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில இருந்தப்போ, கையில ஃபைலோட ஒரு பெண் வந்தாங்க. "மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்"னு சொன்னதும் அப்பா முகம் சுருங்கிடுச்சு. "நாங்க ஒண்ணும் இல்லாதப்பட்டவங்க இல்லம்மா, வேற யாரையாவது பாருங்க"ன்னுட்டார்.

மறுநாளும் வந்தாங்க. கட்டிலிலிருந்து கழிவறைக்கு எவ்வளவு தூரம், நடுவுல படி இருக்கா, கதவுக்குள்ள சக்கர நாற்காலி நுழையுமா? எங்க யாருக்கும் சரியா பதில் தெரியல. அம்மாவை எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு எங்களைவிட அவங்கதான் யோசிச்சிருக்காங்க. கடைசியா என் மனைவிகிட்ட, "நீங்க ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"ன்னாங்க. அவ உடைஞ்சு அழுதுட்டா. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அப்புறம் தேடிப் படிச்சேன். 1905-லயே பாஸ்டன்ல, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில, ரிச்சர்ட் கேபட்னு ஒரு டாக்டர் இந்த வேலையைத் தொடங்கியிருக்கார். வீட்டு நிலைமை தெரியாம மருந்து மட்டும் எழுதிப் பயனில்லைன்னு அவருக்குப் பட்டிருக்கு. அப்பாகிட்ட சொன்னேன். "ம்"னார். அவர்கிட்டருந்து அதுவே பெரிசு.

* * *

நான் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிற கூட்டத்தில் ஒருத்தி. உங்கள் அப்பாவைப் போல நிறையப் பேரைப் பார்த்தாயிற்று, வருத்தமில்லை. "சேவைதானே, அதுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்பவர்கள்மேல்தான் எரிச்சல் வரும். சமூக சேவை வேறு, சமூகப்பணி வேறு. இது படித்து, களப்பயிற்சி முடித்து, செய்கிற ஒவ்வொன்றையும் எழுதிவைத்துப் பதில் சொல்லவேண்டிய தொழில். மார்ச் மாதம் மூன்றாம் செவ்வாய் உலக சமூகப்பணி நாள் என்பது எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது, அது தனிக்கதை.

ஒரு வீட்டுக்குப் போகும்போது அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுவிடுவேன், வண்டியை அடுத்த தெருவிலேயே நிறுத்திவிடுவேன். அக்கம்பக்கத்தில் "யார் அது?" என்று கேள்வி வந்தால் அந்தக் குடும்பம்தானே பதில் சொல்லவேண்டும்? வெளியிடத்தில் அவர்களைப் பார்த்தாலும் நானாகப் போய்ப் பேசமாட்டேன். அவர்கள் சிரித்தால் சிரிப்பேன்.

* * *

மேல எழுதின அக்காவுக்கு. கடைசிப் பத்தியை நாலு தடவை படிச்சுட்டேன்.

எனக்கு அப்போ எட்டு வயசு. அம்மா மனச்சோர்வுல எழுந்திருக்கவே மாட்டாங்க. ஒருநாள் ஒரு அம்மா வந்தாங்க. 'பிள்ளை பிடிக்க வந்துட்டாங்க'ன்னு கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அவங்க என்னை வெளிய வான்னு கூப்பிடவே இல்ல. தரையில உட்கார்ந்து, ஒரு தாளையும் பென்சிலையும் உள்ள தள்ளிவிட்டாங்க. நான் வரைஞ்சு வெளிய தள்ளினேன், அவங்க அதுல கொஞ்சம் வரைஞ்சு திருப்பி அனுப்பினாங்க. அப்படியே அரை மணி நேரம்! நான் பயந்த மாதிரி என்னை எங்கயும் கொண்டுபோகல. அம்மா சிகிச்சை முடிஞ்சு வர்ற வரைக்கும் சித்தி வீட்டுல இருக்க ஏற்பாடு பண்ணினாங்க.

மூணு வருஷம் கழிச்சு பஸ்ல அவங்களைப் பார்த்தேன். கூட என் வகுப்புப் பிள்ளைங்க இருந்தாங்க. அவங்க என்னைப் பார்த்தாங்க, அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் அப்படியேதான் நினைச்சிட்டிருந்தேன்.

நானும் சிரிக்கல அக்கா, அன்னைக்கு.